கண் மூடாத சுகிர்தம்

1

இது இரணியலில் நடந்தது. 1953இலா, 54இலா என்று உறுதியில்லை. நாங்கள் சுகிர்தத்தின் பக்கத்து வீட்டில் இருந்தோம். நடுவில் ஒரு சுவர். அதன் வழியே கேட்டதையும் பிறகு நானே சேர்த்ததையும் இப்போது பிரிக்க முடியவில்லை.

முதல் வரி: ‘சுகிர்தம் கவனமில்லாத பிள்ளை.’

(அடித்துவிட்டேன். அது வாத்தியார் சொன்னது.)

2

அவளுடைய அப்பா குமாரதாஸும் அம்மா ராஜபாயும் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். காரணம்... (மூன்று காரணங்கள் எழுதிப் பார்த்தேன். மூன்றும் பொய்யாகப் பட்டன.) ஆனால் மாலையில் குடும்ப ஜெபம் நிற்காது. பேச வேண்டியதை ஆண்டவரிடம் பேசினார்கள்.

“ஆண்டவரே, அரிசி தீந்தது உமக்குத் தெரியும். தெரிய வேண்டிய ஆளுக்கும் தெரியப் பண்ணும்” என்பாள் அம்மா.

“கர்த்தாவே, பொறந்த வீட்டுப் பெருமை பேசுத நாக்குக்குச் சாந்தி அருளும்” என்பார் அப்பா.

நடுவில் சுகிர்தம் கண்ணைத் திறந்து இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்திருக்க வேண்டும்.

“கண்ண மூடுட்டீ!”

அதை மட்டும் இருவரும் சேர்ந்து சொல்வார்கள்.

3

வகுப்பிலும் அவள் பலகையைப் பார்ப்பதில்லை, முகங்களைப் பார்த்தாள். “பிள்ளைக்கு மனசு ஒரு இடத்துல நிக்கல்ல” என்றார் வாத்தியார். ஏற்கெனவே ஒருமுறை தோற்றவள். அன்று மாலை அப்பா ஜெபித்தார்:

“ஆண்டவரே, பிள்ள இந்த வருசமும் தோத்தா பள்ளிக்கூடம் வேண்டாம். ராஜாக்கமங்கலத்துல எனக்க அக்காகிட்ட நிக்கட்டு. உமக்குச் சித்தமானா.”

“ஆண்டவரே, அது உமக்குச் சித்தமில்ல” என்றாள் அம்மா.

சுகிர்தத்திடம் கவனம் இல்லாமல் இல்லை. அடுத்த சொல் எந்தப் பக்கமிருந்து வரும் என்று காத்தே அது தீர்ந்துபோனது. வாய்ப்பாட்டுக்கு மீதி...

(நிறுத்துகிறேன். உபதேசமாகிறது.)

4

பரீட்சைக்கு முந்தின மாலை, “இன்னைக்கு நீ ஜெபி மக்கா” என்றார் அப்பா.

‘அப்பாவும் அம்மாவும் பேசணும் ஆண்டவரே’ என்று அவள் அழுததாக ஒருமுறை எழுதினேன். பெரியவர்களும் அழுதார்கள். கிழித்துவிட்டேன். இன்னொரு பிரதியில் அவள் வாயே திறக்கவில்லை.

எனக்குக் கேட்டது, அல்லது கேட்டதாக நம்புவது:

“ஆண்டவரே, நீரு ஆரு பக்கம்?”

யாரும் ஆமென் சொல்லவில்லை.

5

வேறு முடிவு வேண்டுமென்றால் அந்த மௌனத்தில் நீங்கள் வைத்துக்கொள்ளலாம். நடந்தது இது. சுகிர்தம் தோற்றாள். ராஜாக்கமங்கலம் போனாள். அத்தை தனி ஆள். அந்த வீட்டில் ஒரு குரல்தான். வேலைக்கு நடுவே அங்கே அவள் நன்றாக வாசிக்கப் படித்துவிட்டாள் என்று கேள்விப்பட்டோம். குமாரதாஸும் ராஜபாயும் அதே வீட்டில் இருந்தார்கள். அவள் போனபின், 1956இல் நாங்கள் வீடு மாறும்வரை சுவருக்கு அப்பால் ஜெபச் சத்தம் கேட்கவில்லை.