கழுத்தில் கிடக்க வேண்டியது

பனிக்கட்டி உடைந்த சத்தம்கூட ஆர்லிஸுக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது, கணவன் வெர்லின் நின்ற இடத்தில் கறுப்புத் தண்ணீரும் அவன் தொப்பியும்தான் இருந்தன.

தலை எழும்பியது. வாய் திறந்திருந்தது. குரல் வரவில்லை.

"வெர்லின்!"

ஓடப் போனவள் சட்டென்று நின்றாள். உறைந்த ஏரியில் ஓடினால் இரண்டு பேராகப் போகவேண்டியதுதான். மின்னசோட்டாவில் பிறந்தவளுக்கு இதை யாரும் சொல்லத் தேவையில்லை.

"கழுத்துல குத்தூசி இருக்குல்ல? அதை எடு!"

"வ... வண்டில."

இரண்டு மரப்பிடி, நுனியில் கூர் ஆணி, இரண்டையும் சேர்த்து ஒரு கயிறு. விழுந்தவன் பனியில் குத்தி ஏற இதைவிட்டால் வேறு வழி கிடையாது. ஆனால் மீன் பிடிக்கப் பனியில் போட்ட துளைமேல் குனிந்து தூண்டில் போடும்போது மூக்கில் வந்து இடிக்கிறதாம். இந்த ஏரிக்கு வரும் ஆண்கள் எல்லோருமே கழற்றி, மீனோடு சறுக்கு வண்டியில் போட்டுவிடுவார்கள். வண்டி அவனுக்கு அப்பால், அந்தப் பக்கம் நின்றது.

காலையில்தான் கேலி செய்திருந்தான். "விசிலு, லைட்டரு, கயிறு... கடையையே பாக்கெட்ல தூக்கிட்டு வர்றியே! எனக்கு ஒரு கத்தி போதும்."

அந்தக் கத்தியைத்தான் இப்போது திறக்கப் பார்த்தான். மரத்துப்போன விரல்களுக்கு மடக்கியிருந்த அலகு பிடிபடவில்லை. கத்தி நழுவி, தண்ணீருக்குள் போயிற்று.

ஆர்லிஸ் விசிலை ஊதினாள். மறுபடி ஊதினாள். மார்ச் மாதம், பனி இளகுகிறதென்று மற்றவர்கள் போன வாரமே தங்கள் மீன்பிடிக் குடிசைகளை ஏரியிலிருந்து கரையேற்றிவிட்டார்கள். பதில் இல்லை.

குப்புறப் படுத்து ஊர்ந்தாள். தன் கழுத்துக் குத்தூசிகளைக் கழற்றி, பாக்கெட்டிலிருந்த கயிற்றில் முடிந்து, பனிமேல் சறுக்கிவிட்டாள். ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது. இழுத்து, மறுபடி விட்டாள். இந்த முறை அவன் கையில் இடித்தது.

"குத்து! வந்த பக்கமே ஏறு! காலை உதை!"

"முடியல, ஆர்லிஸ்..."

"அப்ப வண்டில இருக்கிற மீனை யாருடா சுத்தம் பண்றது? உதை!"

குத்தினான். விளிம்பு உடைந்தது. மறுபடி குத்தினான். மார்பு ஏறியது, இடுப்பு ஏறியது. எழுந்திருக்காமல் உருண்டு அவள் பக்கத்தில் வந்து விழுந்தான். பற்கள் அடித்துக்கொண்டன.

அப்போது அவளுக்குக் கீழேயும் ஒரு விரிசல் ஓடியது.

வெர்லின் ஊசிகளை அவள்மேல் தள்ளினான். "நீ போட்டுக்கோ."

"நனைஞ்சவன் நீ. இன்னொரு தடவை விழுந்தா தாங்க மாட்ட."

"ஆளுக்கு ஒண்ணு. நடுக்கயிறை வெட்டு."

"எதை வச்சு? உன் கத்தி மீனுக்குப் போச்சே!"

அவன் சிரிக்க முயன்றான், அழுகைதான் வந்தது. ஆர்லிஸ் உள்சட்டையிலிருந்து லைட்டரை எடுத்தாள். காற்றில் இரண்டு முறை அணைந்தது. மூன்றாவதில் கயிறு கருகி அறுந்தது.

கரையில் அவர்கள் கார் சிவப்பாகத் தெரிந்தது. அடியில் ஏரி நீளமாக முனகியது. அது ஓயும்வரை இருவரும் மூச்சுவிடவில்லை.

"எந்திரிக்காத. ஊர்ந்தே வா," என்று சொல்லி, ஆர்லிஸ் தன் ஒற்றை ஊசியை முன்னால் குத்தினாள்.