எழுத்தைப் பார்த்துச் சொன்ன மெக்கானிக்

1

அண்ணனோடு பேச ஒரு சாக்கு வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன், அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அண்ணன் கார் மெக்கானிக். போன வருடம் நான் எழுதிய கதையிலும் ஒரு மெக்கானிக் வருவார். அண்ணனைப் போலவே துடைத்த கையை மறுபடி துடைப்பார், வாய்க்கு வாய் "பாத்துக்கலாம்" என்பார். பழைய கார் வாங்க வந்த ஒரு பெண்ணிடம், காரின் பின்பக்கம் ஒட்டியிருந்த எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு, "இதுல வி.வி.டி. இருக்கு, தைரியமா வாங்குங்க" என்பார்.* அவள் ஏமாந்துபோவாள்.

கதை எப்படியோ பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தது. பெயின்ட் அடிப்பவர் அதை எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். அன்றிலிருந்து வருகிறவர் போகிறவரெல்லாம், "எழுத்தைப் பாத்தே சொல்லிடுவீங்களாமே?" என்று கேட்க, அண்ணனின் மானம் கப்பலேறிவிட்டது. ஏழு மாதமாக என்னிடம் பேச்சு இல்லை.

(* என்ஜினுக்குள் காற்று போகவும் புகை வெளியேறவும் வால்வுகள் திறந்து மூடும். சாதாரண என்ஜினில் அவை திறக்கும் நேரம் மாறாது. வி.வி.டி. இருந்தால் வேகத்துக்குத் தக்கபடி முன்னே பின்னே மாறும். அப்போது எனக்கு இதுகூடத் தெரியாது. எழுத்தைப் பார்த்து நம்பியது நான். பழியை அண்ணன் தலையில் போட்டுவிட்டேன்.)

2

ஆகவே அதே கதையைத் திருத்தி எழுதுகிறேன். அதே மெக்கானிக், அதே பெண், அதே வெள்ளைக் கார்.

மழை விட்ட பிற்பகலில் அந்தக் கார் பட்டறைக்குள் ஒரு—

[மழை வேண்டாம். எழுத ஒன்றும் தோன்றாவிட்டால் உடனே மழையைக் கூப்பிட்டுவிடுகிறேன்.]

மெக்கானிக் பானெட்டைத் திறந்தார். என்ஜின் மேல்மூடியில் பெரிதாக வி.வி.டி. என்று இருந்தது. அவர் முகம் மலர—

இதைப் படம் எடுத்து அண்ணிக்கு அனுப்பினேன். அரை மணியில் ஃபோன் வந்தது.

"மூடியும் கழட்டி மாட்டுறதுதானாம். வேற வண்டி மூடியக் கொண்டாந்து மாட்டினா நம்பிடுவாளான்னு கேக்கறார்."

"அண்ணன் பக்கத்துல இருக்கானா?"

"இருக்கார். சுவரப் பாத்துக்கிட்டு சொல்றார்."

"ஃபோனக் குடுங்களேன், அண்ணி."

ஏதோ முணுமுணுப்பு. பிறகு, "கை பூரா எண்ணெயாம்."

ஞாயிற்றுக்கிழமை, வீட்டில், குளித்து முடித்த கையில் என்ன எண்ணெய்?

3

அன்று மதியம் மேசையிலேயே தலை சாய்த்தேன். அறை மெல்ல நகர்வது போலிருந்தது. மேசையின் மேல்பலகை பானெட்டாகத் தூக்கிக்கொண்டது. உள்ளே என் வாக்கியங்கள் இளஞ்சூடாகக் கிடந்தன. அண்ணன் ஒவ்வொன்றாக ஸ்பானரால் கழற்றி, துணியில் துடைத்து, வரிசையாக வைத்தான். ஜன்னல் வெளிச்சம் தண்ணீரில் மிதக்கும் எண்ணெய் மாதிரி பல நிறத்தில் அசைந்தது.

"இதுல இருக்காண்ணா?" என்று கேட்டேன். எது என்று எனக்கே தெரியவில்லை. அவன் குனிந்து காதை வைத்துக் கேட்டான். அவன் நிமிர்வதற்குள் விழித்துக்கொண்டேன். அப்படி எழுந்ததில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

4

பிறகு அண்ணி வழியாகத் துண்டு துண்டாக வந்ததை வைத்து இப்படி எழுதினேன்:

மெக்கானிக் மூடியைக் கழற்றி ஓரமாக வைத்தார். என்ஜினின் தலைப்பக்கத்தில், கட்டைவிரல் பருமனில் ஓர் உருளை. அதிலிருந்து இரண்டு ஒயர்கள். "இதுதாம்மா எண்ணெய அனுப்பி நேரத்த மாத்துறது. இருந்தா மட்டும் போதாது, வேலை செய்யணும்." என்ஜினை ஓடவிட்டார். ஒயர்களைக் கழற்றிவிட்டு, பேட்டரியிலிருந்து நேராக அதற்கு மின்சாரம் கொடுத்தார். சீராக ஓடிக்கொண்டிருந்த என்ஜின் தடுமாறியது. தகரக் கூரையின் ஓட்டைகளில் இறங்கிய வெளிச்சமும் அதிலிருந்த தூசியும் அந்தப் பெண்ணும் சேர்ந்து நடுங்குவது போலிருந்தது. பேட்டரி ஒயரை எடுத்தார். எல்லாம் பழையபடி ஓடியது. "இருக்கு. நான் சொல்லல, அதுவே சொல்லுது."

[அண்ணி மூலம் வந்த திருத்தம்: "ஒரு நொடிதான் குடுக்கணுமாம். புடிச்சுக்கிட்டே நின்னா அது கருகிடுமாம். உன் ஆளு எவ்வளவு நேரம் வேடிக்கை பாக்கறான்னு கேக்கறார்." திருத்திக்கொண்டேன்.]

5

முடிவுகள் மூன்று எழுதினேன்.

ஒன்று: அவள் காரை வாங்குகிறாள்.

இரண்டு: வாங்கவில்லை. அவளுக்கு அந்த வெள்ளை நிறம் பிடிக்கவில்லை.

மூன்று: அவள் போனபின் மெக்கானிக்கின் தங்கை பட்டறைக்குள் வருகிறாள். "மன்னிச்சிடுண்ணா" என்கிறாள். அவர் சிரித்து, அவள் தலையில் செல்லமாகத் தட்டி, "போனது போகட்டும் விடு" என்கிறார்.

இந்தப் பக்கத்தை மட்டும் தாளாகவே கொடுத்தனுப்பினேன். ஃபோன் வரவில்லை. மூன்றாம் நாள், அதாவது இன்று, சற்று முன்பு, அண்ணி தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றும் இரண்டும் அப்படியே இருந்தன. மூன்றாவதை முழுக்க அடித்திருந்தான். ஓரத்தில், ஏழு மாதத்தில் முதல்முறையாக, எனக்கென்று அவன் கையெழுத்து:

"இது நடக்கல. நேர்ல வந்து சொல்லு."

அண்ணி வாசலில் செருப்பைக் கழற்றாமலே நிற்கிறார். நான் கிளம்புகிறேன். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அங்கே போய்ச் சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை ஒரு தடவை எழுதிப் பார்க்கலாமா என்று கை துடிக்கிறது. எழுதப்போவதில்லை.