தூறல் என்று கூப்பிட

எங்கள் டயர் கடையில் ஒரு பழக்கம் உண்டு. சக்கரத்தின் முன்னால் குந்தியிருப்பவன் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டுவான். என்ன வேண்டும் என்று கேட்காமலே மற்றவன் அதை உள்ளங்கையில் வைப்பான். அண்ணனுக்கும் எனக்கும் வாய்ச்சண்டை நடக்கும்போதுகூட அது நிற்காது.

அன்று மத்தியானம் என் மனைவி இருபது நாள் குழந்தையோடு வந்தாள். சக்கரத்தின் முன்னால் குந்தியிருந்த என்னிடம் பிறப்புப் பதிவுத் தாளைக் காட்டினாள்; நான் கையெழுத்துப் போட வேண்டும். பெயர் என்ற இடத்தில் முத்து முத்தாக எழுதியிருந்தாள்: தூறல்.

அண்ணன் எட்டிப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"தூறலா? அடுத்தது பையனாப் பொறந்தா இடின்னு வைப்பியா? அப்பா பேரோட ஒரு 'செல்வி'யைச் சேர்த்து வைடா. பெத்தவனுக்கு மரியாதை வேண்டாமா?"

பெத்தவன்! குடித்துவிட்டு வந்து பெல்ட்டைக் கழற்றுகிற பெத்தவன். ஒருநாள் அம்மாவின் பல்லை உடைத்து, எங்கள் மூவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான். அப்போது தூற ஆரம்பித்தது. என் முதுகு முழுக்கத் தடித்த கோடுகள், அவற்றின் மேல் அந்தத் துளிகள். அன்றைக்கு வலிக்காமல் என்னைத் தொட்டது அது ஒன்றுதான். கல்யாணமான புதிதில் இதை மனைவியிடம் சொல்லியிருந்தேன். வயிற்றில் குழந்தை தங்கியதுமே பேரை முடிவு செய்துவிட்டாள். "நீங்க பிள்ளைகிட்ட அப்படி இருப்பீங்கன்னுதான் இந்தப் பேரு," என்றாள். நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன்.

"அப்பா அடிச்சதாலதான்டா நீ உருப்பட்ட," என்றான் அண்ணன். "அம்மாவுக்கும் வாய் நீளம். வாங்கிக் கட்டிக்கிட்டா."

என் கை தானாக நீண்டது. அண்ணனும் பேச்சை நிறுத்தாமல், டயர் நெம்பும் இரும்புக் கம்பியை அதில் வைத்தான்.

எழுந்தேன். முதல் அடி தோளில். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. இரண்டாவது தாடையில். விழுந்தவனை முதுகிலும் விலாவிலும் மாற்றி மாற்றி அடித்தேன். "அம்மாவுக்குடா, அம்மாவுக்கு!" என்று கத்தினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இனித்தது. அண்ணன் தலையைக் கைகளால் மூடிச் சுருண்டு கிடந்தான். சின்ன வயதில் என்னை அடியில் போட்டு மூடிக்கொண்டு, எனக்கு விழ வேண்டியதையும் தன் முதுகில் வாங்கும்போது அப்படித்தான் சுருளுவான்.

குழந்தை வீறிட்டது. கம்பியைப் போட்டுவிட்டு, அவளை வாங்கக் கையை நீட்டினேன். விரலெல்லாம் ரத்தம். மனைவி குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு, அந்தக் கையில் தாளை வைத்தாள்.

"கையெழுத்துப் போடுங்க. பேரு இதேதான். ஆனா அதைச் சொல்லி அவளைக் கூப்பிட நீங்க பக்கத்துல வேண்டாம்."

போட்டேன். ரத்தக்கறையோடு தாளை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். என் பின்னால் அண்ணன் முனகிக்கொண்டிருந்தான்.

"தூறல்!" என்று முதல்முறையாகக் கத்திக் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டுக் குழந்தை இன்னும் பலமாக அழுதது.