இரண்டு பாட்டில் எண்ணெய்

அன்று ஸ்ரீரங்கம் மேலூர் சாலை வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுக்குரியவரான மயிலம்மாள், அவருடைய தம்பி மகன் ஜெயக்குமார், ஜெயக்குமாரின் மனைவி சுபலட்சுமி, மலைக்கோட்டைக்குக் கீழே சோப்பும் பவுடரும் மொத்த வியாபாரம் செய்யும் தாஜுதீன், புத்தூரிலிருந்து வந்திருந்த கல்லூரி ஆராய்ச்சியாளர் அஃபீஃபா. எதிர்வீட்டு வியாகுலம்மாள் உறைமோர் வாங்க வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிற்பாடு ஊர் முழுக்கப் பேசியது அவர்தான்.

மயிலம்மாள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை. மின்வாரிய அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்த காலத்திலும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, நாற்காலியின் முதுகு அவருக்கு வேண்டாத பொருள்.

கொள்ளிடக் கரையில் தானாக முளைத்துக் கிடக்கும் குப்பைமேனியைப் பறித்து, தேங்காயெண்ணெயில் காய்ச்சி, சிரங்கு வந்த பிள்ளைகளுக்குக் கொடுப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். மயிலம்மாளின் அப்பா தொடங்கியது. காசு வாங்குவதில்லை, பாட்டிலும் தருவதில்லை. வேண்டியவர் கிண்ணம் கொண்டுவர வேண்டும். ஒரு கிண்ணத்தைக் கழுவிக் கொண்டுவர முடியாதவன் புண்ணை எப்படிக் கழுவப் போகிறான் என்பது அப்பாவின் கட்சி.

அப்படிப்பட்ட எண்ணெயைப் பூசிய ஒரு பிள்ளையைப் பார்த்து, புத்தூரில் ஒரு தோல் டாக்டர், "யார் வீட்டுக் களைச்செடி இது?" என்று கேட்டாராம். அந்தப் பேச்சு மயிலம்மாளின் தொண்டையில் முள்ளாக நின்றது. அப்பாவின் எண்ணெய் கிருமியைக் கொல்லும் என்று ஒரு தாளில் எழுதி வர வேண்டும், அதை அந்த டாக்டரின் மேஜையில் வைத்துவிட்டுப் பேசாமல் திரும்பி வர வேண்டும். அவர் வேண்டியது அவ்வளவுதான். அதனால்தான், பரிசோதனைக்குக் கொடுக்கலாம் என்று ஜெயக்குமார் சொன்னபோது சம்மதித்தார்.

ஜெயக்குமாரின் திட்டம் வேறு. மன்னார்புரத்தில் ஜூஸ் கடை வைத்து மூடியவன் அவன். பிறகு வண்ணமீன் விற்றான்; அவன் கடையை மூடுமுன் மீன்கள் முந்திக்கொண்டு செத்தன. இப்போது தாத்தாவின் படத்தை டப்பாவில் ஒட்டி விற்கப் போகிறானாம். தாஜுதீன் மாதிரி டப்பாவே கொண்டுவந்திருந்தார். அதில் தாத்தாவின் மீசைக்குக் கறுப்பு அடித்திருந்தார்கள்.

அஃபீஃபா மடிக்கணினியைத் திறந்து மயிலம்மாள் பக்கம் திருப்பினார். திரையில் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டு ஒன்றின் படம்.

"தட்டு முழுக்க, சிரங்குப் புண்ணுல இருக்கிற கிருமியப் பரப்பியிருக்கோம்மா. நடுவுல எண்ணெய் வச்சோம். கிருமி வளர முடியாத இடம் இப்படி வட்டமாத் தெளிஞ்சிருக்கும்."

வட்டம் பெரிதாக இருந்தது, ஒரு ரூபாய் நாணயத்தை விடப் பெரிதாக. மயிலம்மாளின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

"பாத்தீங்களா அத்தை," என்றான் ஜெயக்குமார்.

"மாஷா அல்லாஹ்," என்றார் தாஜுதீன். "இந்தப் படத்தையே டப்பாவுல போட்டுடலாம்."

"இருங்க பாய்," என்றார் அஃபீஃபா. "இது குப்பைமேனி எண்ணெய் இல்ல. வெறும் தேங்காயெண்ணெய்."

தாஜுதீன் கையிலிருந்த டப்பாவைத் தரையில் வைத்தார்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இரண்டு பாட்டில் கேட்டிருந்தார் அஃபீஃபா. ஒன்றில் காய்ச்சிய எண்ணெய், இன்னொன்றில் எதுவும் சேராத தேங்காயெண்ணெய். இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தவன் ஜெயக்குமார். இரண்டாவதில் வட்டம் வரக்கூடாது. வந்திருந்தது. இரண்டும் ஒரே அளவு.

"கடையில விக்கிற புண் பவுடர்ல ஒரு மருந்து இருக்கும்மா. அதுக்கு அசையாத கிருமி ஒண்ணு எங்ககிட்ட இருக்கு. அதுகிட்ட உங்க ரெண்டு பாட்டிலும் ஒண்ணாத் தோத்துப் போச்சு. அந்தப் பவுடரும் அதே மாதிரிதான் தோக்குது." அஃபீஃபா கணினியை மூடினார். "வெறும் தேங்காயெண்ணெயே கிருமியக் கொல்லும்னா, திருச்சியில யாருக்கும் தலையில ஒரு கட்டி வந்திருக்கக் கூடாது."

வாசற்படியில் வியாகுலம்மாள் சிரித்துவிட்டார். மயிலம்மாள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"என்னடா கலந்த?"

"பவுடர்தான் அத்தை. கொஞ்சூண்டு. வட்டம் பெருசா வரட்டுமேன்னு."

"அது திருட்டு. திருட்டாவது புரியுது. வெறும் எண்ணெயில எதுக்குடா போட்ட?"

ஜெயக்குமார் டப்பாவையே பார்த்துக்கொண்டு சொன்னான். "ரெண்டு பாட்டில்லயும் நம்ம வீட்டுப் பேரு ஒட்டியிருந்துச்சு. அதுல ஒண்ணு தோத்தா நமக்குத்தானே அசிங்கம்."

சுபலட்சுமி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "தோக்கறதுக்குன்னே கேட்ட பாட்டில் அது."

திருடுவதற்கும் ஒரு அறிவு வேண்டும். அது இல்லாதவன் தன் வம்சத்தில் பிறந்திருக்கிறான் என்பதுதான் மயிலம்மாளுக்குத் திருட்டை விடக் கசந்தது. அதைவிடக் கசந்தது, நம்ம வீட்டுப் பேர் எதிலும் தோற்கக் கூடாது என்ற அந்தப் பேச்சு, இதே கூடத்தில் நாளும் புழங்கிய பேச்சு என்பது.

"அந்த ரெண்டாவது தட்டைப் பத்தி எழுதாம விட்டுட்டா யாருக்குத் தெரியப் போகுது அத்தை?" என்றான் அவன், இன்னும் நம்பிக்கையோடு.

"எனக்குத் தெரியும். வாய மூடிட்டு உக்காரு."

தாஜுதீன் டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். "நான் சோப்பையே வித்துக்கறேன்மா. போயிட்டு வரேன்."

"மீசைக்கு மை அடிச்சதையும் அழிச்சிடுங்க," என்றார் மயிலம்மாள். பிறகு அஃபீஃபாவிடம் திரும்பினார். "கிண்ணம் கொண்டு வந்திருக்கியாம்மா?"

அஃபீஃபாவுக்கு வழக்கம் தெரியாது. இருந்தாலும் பையிலிருந்து மூடி போட்ட கண்ணாடிக் குப்பி இரண்டை எடுத்தார். "கிருமி இல்லாம சுத்தம் பண்ணது. போதுமா?"

"போதும்."

மயிலம்மாளே அடுக்களையிலிருந்து பித்தளைப் பாத்திரத்தை எடுத்து வந்து, அதில் இருந்த எண்ணெயை எல்லார் எதிரிலும் ஒரு குப்பியில் ஊற்றினார். செக்கிலிருந்து வந்த தேங்காயெண்ணெயை இன்னொரு குப்பியில் ஊற்றினார். பச்சை இலையும் ஒரு கட்டுக் கொடுத்தார்.

"இதுல வட்டமே வராமப் போகலாம்மா," என்றார் அஃபீஃபா.

"வரலைன்னா வரலைன்னு எழுது."

சொல்லிவிட்டார். ஆனால் முடிவு தெரியும் வரை சிரங்கோடு வந்த பிள்ளைகளைப் பிறகு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். அப்பா இத்தனை காலம் ஊருக்குக் கொடுத்தது மருந்தா, வெறும் நம்பிக்கையா என்று தெரியாமல் ஒரு கரண்டி எண்ணெயும் அவரால் ஊற்ற முடியவில்லை.

அஃபீஃபா அழைத்ததும் பஸ் ஏறிப் புத்தூருக்குப் போனார். தேங்காயெண்ணெய்த் தட்டில் ஒன்றுமில்லை. குப்பைமேனி எண்ணெயைச் சுற்றி ஒரு நெல்மணி அகலத்துக்குத் தெளிவு இருந்தது. இலையை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த சாறு வைத்த தட்டில் அதைவிடக் கொஞ்சம் அகலம்.

"எண்ணெய் தட்டுல சரியாப் பரவாது, அதனாலயும் சின்னதாத் தெரியலாம்மா. ஆனா தட்டு வேற, தோல் வேற. காய்ச்சலோட வந்தாலும், புண்ணு படர்ந்துட்டே போனாலும் எண்ணெயக் கொடுத்து நிறுத்தி வைக்காதீங்க. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்க."

"அனுப்பறேன். இந்த வட்டம் எங்களோடதுதானே?"

"உங்களோடதுதாம்மா. வேற எதுவும் இல்ல அதுல."

மயிலம்மாள் அந்தத் தட்டை வெகுநேரம் பார்த்தார். நாணயத்தை விடப் பெரிய அந்த வட்டம் இரவல் நகை. இது சொந்தக் காது.

திரும்பும் வழியில் அந்தத் தோல் டாக்டரின் கிளினிக் இருந்தது. அஃபீஃபா எழுதிக் கொடுத்த தாள் கைப்பையில் இருந்தது. அவர் உள்ளே போகவில்லை. ஒரு நெல்மணி அகலத்துக்காக ஒருவரோடு வாதாடுவது அவருக்கு அழகில்லை. மறுநாள் காலை கிண்ணத்தோடு வந்தவர்களுக்கு எண்ணெய் கொடுத்தார். உடம்பு சுட்ட ஒரு பிள்ளையின் தாயைக் கிண்ணத்தோடேயே ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றிவிட்டார்.

மயிலம்மாள் வீட்டில் அந்தக் காலத்திலிருந்தே எண்ணெயில் இங்கிலீஷ் மருந்தைக் கலந்துதான் கொடுத்தார்கள் என்று மேலூரில் ஒரு பேச்சு இருக்கிறது. கலக்கவில்லை. கலந்தது ஒரே ஒரு முறை. கலந்தவன் ஜெயக்குமார். இரண்டு பாட்டிலிலும்.