இருளாயி சொன்ன வயசு

ரெண்டாம் ஓலை வாசிச்ச ஞாயித்துக்கிழமைதான் ராயப்பன் உபதேசியார் வாயைத் திறந்தாரு. எங்க வேதத்துல கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயிறு கோயில்ல, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு ஓலை வாசிப்பாக. தடை தெரிஞ்சவுக சொல்லலாம். அந்த மனுசன் பூசை முடிஞ்சதும் நேரா பங்குச் சாமியார்கிட்டப் போயி, "சாமி, இந்தக் கல்யாணம் ஆகாது. பொண்ணும் மாப்பிள்ளையும் அண்ணன் தங்கச்சி முறை"ன்னு சொல்லிட்டாரு. பொண்ணு என் மகள் விக்டோரியா. நான் பக்கத்துலதான் நின்னேன்.

அவரு சொன்ன கதை இதுதான். தாது வருசப் பஞ்சத்துல பேரையூர்ப் பக்கமிருந்து இருளாயின்னு ஒருத்தி கைப்பிள்ளை ரெண்டைத் தூக்கிக்கிட்டு மதுரைக்கு நடந்து வந்தாளாம். அதுல பையனைச் சமயநல்லூர்ல ஒரு வேதக்காரக் குடும்பம் எடுத்து வளத்துச்சு. அவருதான் மாப்பிள்ளை தனிஸ்லாஸோட தாத்தா. "எனக்கு ஒரு அக்கா உண்டு, அதை மடத்துல விட்டாக"ன்னு சாகுற வரைக்கும் அவரு சொல்லுவாராம்.

எங்கம்மா மடத்துல வளந்தவ. தன்னைப் பெத்தவ பேரு இருளாயி, எங்க சாதிதான், ஊரு பேரையூர்ப் பக்கம், இம்புட்டுத்தான் அவளுக்குத் தெரியும். நாங்க அதைப் பெருசாக் கேட்டுக்கிட்டதும் இல்ல.

ரெண்டு இருளாயியும் ஒருத்திதான்னா, தனிஸ்லாஸைப் பெத்தவரு எனக்குத் தாய்மாமன் மகன். நான் கட்டிக்கிற முறை. அப்புறம் என் மகளும் அவரு மகனும் என்ன முறை? சின்னப் பிள்ளை கூடச் சொல்லிப்புடும்.

வீட்டுக்கு வந்து சேலையைக் கூட மாத்தல. விக்டோரியா அடுப்படியில சுவரைப் பாத்து உக்காந்திருந்தா. "அம்மா, எனக்கு ரெண்டு மாசமாக் குளிக்கல"ன்னா. ஓங்கி ஒரு அறை விட்டேன். விட்ட கையாலயே அவளை இழுத்து மடியில போட்டுக்கிட்டேன். அண்ணன் முறைக்காரன் பிள்ளை வயித்துலன்னு ஊருக்குத் தெரிஞ்சா அவ கிணத்தைத்தான் தேடுவா. எனக்கு அவளை நல்லாத் தெரியும்.

"பழைய ஞானஸ்நானப் புத்தகங்களைப் பாத்துத்தான் சொல்ல முடியும்"னாரு சாமியார். நான் வேலை பாக்குற பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுட்டு அவரு பின்னாடியே அலைஞ்சேன். மாப்பிள்ளையோட அம்மா ஞானமும் வந்தா. அவளும் என்னையப் போல தாலியறுத்தவதான். நிச்சயம் பண்ணுன நாள்லருந்து வாய்க்கு வாய் என்னை "மதினி, மதினி"ம்பா. இப்ப என்னை எப்படிக் கூப்பிடுறதுன்னு அவளுக்கே தெரியல. முறை மாறுனா நான் அவளுக்கு மதினியா இருக்க முடியாதே. அதனால வண்டியில சமயநல்லூர் போற வரைக்கும் சேலை முந்தியைக் கடிச்சுக்கிட்டே வந்தா.

முதல் புத்தகத்துல இருளாயிங்கிற பேரே இல்ல. மடத்துல இருந்த புத்தகத்துலயும் இல்ல. எனக்கு உசுரு வந்த மாதிரி இருந்துச்சு. அன்னைக்குத்தான் நல்லாச் சாப்பிட்டேன். உபதேசியாரை மனசுக்குள்ள வஞ்சுக்கிட்டே சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில சாமியாரே ஆள் விட்டுக் கூப்பிட்டாரு. போனா, அவரு முகமே சரியில்ல. "நான்தான் தப்பாத் தேடிட்டேன். இருள்னு வர்ற பேரை ஞானஸ்நானத்துல வைக்க மாட்டாங்க. அருளாயின்னு மாத்தியிருப்பாங்கன்னு ராத்திரி தோணுச்சு"ன்னாரு. புத்தகம் மேசையில திறந்தே கிடந்துச்சு. லத்தீனு. அவரு விரலை வச்சு வாசிச்சாரு. அருளாயி, முன்னாள் பேரு இருளாயி, பேரையூர்ப் பக்கம், கைம்பெண்டு, பஞ்சத்துக்குக் கஞ்சி ஊத்துன தொட்டியில இருந்து வந்தவ. அவளோட பிள்ளைக ரெண்டு, ஒரு பொண்ணு, ஒரு பையன். அடுத்த ஏட்டுல அவளை அடக்கம் பண்ணுன சேதியும் இருந்துச்சு. மூணு மாசம் கூட இருக்கல, பாவி மக.

பொண்ணுக்கு எங்கம்மா பேரு, பையனுக்கு ஞானத்தோட மாமனார் பேரு. "ஒரே தாய்"னு சொல்லிட்டு சாமியார் புத்தகத்தை மூடப் போனாரு. ஞானம் சுவரைப் பிடிச்சுக்கிட்டுத் தரையில உக்காந்துட்டா. எனக்குக் கிணறுதான் கண்ணு முன்னாடி நின்னுச்சு.

ஏன் கேட்டேன்னு தெரியல. "பிள்ளைகளுக்கு வயசு போட்டிருக்கா சாமி?"ன்னேன்.

"பொண்ணு அஞ்சு மாசம். பையன் ரெண்டு மாசம். தாய் சொன்னபடின்னு எழுதியிருக்கு."

"இன்னொரு தரம் வாசிங்க."

வாசிச்சாரு. அதேதான்.

"சாமி, நான் அஞ்சு பெத்தவ. மூணு மாச வித்தியாசத்துல ஒருத்தி ரெண்டு பிள்ளை பெக்க முடியாது."

அவரு முதல்ல முழிச்சாரு. லத்தீன் படிச்ச மனுசனுக்கு இது எங்க விளங்கப் போகுது. அப்புறம் மெல்லப் புத்தகத்தைத் திரும்பத் திறந்தாரு. பஞ்சத்துல தாயில்லாத கைப்பிள்ளைகளைத் தனியாப் பிரிச்சு வைப்பாகளாம், அதுல பாதி தங்காதாம், அவரே சொன்னாரு. கூட வந்த எவளோ செத்திருக்கா. அவ பிள்ளையையும் தன்னுதுன்னு சொல்லி, தன் பால்லயே பங்கு வச்சிருக்கா இருளாயி. பொய் சொல்லத் தெரிஞ்சவளுக்கு, வயசைக் கேட்டப்ப நெசம் வாயில வந்துருச்சு. எந்தத் தாய்க்குத்தான் அது தப்பும்.

"அப்ப ரத்த சம்பந்தம் இல்ல. தடை இல்லைன்னு மட்டும் கோயில்ல சொல்றேன். காரணம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல"ன்னாரு.

என் மக பிழைச்சா. ஞானம் மட்டும் எந்திரிக்கவே இல்ல. அவ யோசிச்சது வாசலுக்கு வந்தப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு.

வேப்பமரத்தடியில என் மணிக்கட்டைப் பிடிச்சா. "அதுல பெத்த பிள்ளை எது? எடுத்த பிள்ளை எது?"ன்னா.

வேதத்துக்கு வந்தோமே தவிர, சாதியை எங்காளுக யாரும் விட்டுட்டு வரல. கோயில்ல உக்கார்ற இடம் கூட வேற வேற. இருளாயி இன்ன சாதின்னு ரெண்டு வீட்டுக்கும் தெரியும். அந்த இன்னொருத்தி யாரு? எந்தத் தெரு? ஒரு ஏட்டுலயும் அவ பேரு கிடையாது.

"தெரியலையே"ன்னேன்.

"உங்க அம்மாவா இருந்தா?"

எனக்குச் சுள்ளுன்னு கோவம் வந்துச்சு. "உங்க மாமனாரா இருந்தா?"ன்னு திருப்பிக் கேட்டேன். எங்க ரெண்டு வீட்டுல ஒரு வீடு, வேர் தெரியாத வீடு. அது எந்த வீடுன்னு கர்த்தருக்குத்தான் தெரியும். வெளிய சொன்னா ரெண்டு வீட்டுலயும் பொண்ணு எடுக்கவோ குடுக்கவோ ஒருத்தன் வர மாட்டான். அவளுக்குக் கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு மக இருக்கு.

"நான் செத்தாலும் சொல்ல மாட்டேன் மதினி. நீங்க?"

"நானும் சொல்ல மாட்டேன்."

மூணாம் ஓலை வாசிச்சாக. உபதேசியார் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டாரு. கல்யாணமும் நல்லாத்தான் நடந்துச்சு. அன்னைக்கு இருந்து நல்லது கெட்டது எது வந்தாலும் ஞானம் என்னைய விட மாட்டா, நானும் அவளை விட மாட்டேன். சம்பந்திமாருன்னா இப்படியில்ல இருக்கணும்னு ஊரே மெச்சுது. ஒருத்தி வாயை ஒருத்தி காவல் காக்கிறோம்னு அதுகளுக்கு என்ன தெரியும்.

பேரன் பிறந்தான். பிள்ளை பாக்க வந்தவுக ஒருத்தர் விடாம அந்தக் கேள்வியைத்தான் கேட்டாக. பரவையிலருந்து வந்த ஞானத்தோட நாத்தனா, பிள்ளையைத் தூக்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தா. "நம்ம வீட்டு மூக்கும் இல்ல, அவுக வீட்டு நிறமும் இல்ல. இது யாரு சாயல்?"ன்னா.

ஞானம் என்னையப் பாத்தா. நான் விக்டோரியா பக்கம் திரும்பிக்கிட்டேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. சிரிச்சுக்கிட்டே படுத்துக் கிடந்தா.

"அவுகப்பனோட பூட்டி சாயல்"னா ஞானம். "எங்க மாமனாரைப் பெத்தவ, இருளாயி. அவளை உரிச்சு வச்சிருக்கான்."

அவளைக் கண்ணால கண்டவுக யாரும் உசுரோட இல்ல. நாத்தனா தலையாட்டிட்டுப் பிள்ளையைக் கீழ படுக்க வச்சா. நான் குனிஞ்சு அவனை எடுத்து ஞானத்தோட மடியில வச்சேன்.