முனியாண்டி மலை நத்தைகள்

ஈப்போ மியூசியம் ஒன்றில் ஐயாவு உயிரினப் பிரிவின் காப்பாளர். அவர் பொறுப்பில் இருந்த உயிரினங்களில் ஒன்றுக்குக்கூட உயிர் கிடையாது. பஞ்சடைத்த இருவாசிப் பறவை, பாட்டிலில் ஊறும் பாம்புகள், இழுப்பறை இழுப்பறையாக வண்டுகள். செத்ததற்கெல்லாம் சீட்டு எழுதுவதுதான் உத்தியோகம். எங்கே கிடைத்தது, எந்தத் தேதி, சேகரித்தவர் யார் என்ற மூன்றும் இல்லாவிட்டால் அது குப்பை என்பார். எழுதிய சீட்டு தப்பாகவே இருந்தாலும் அதை எடுத்துப் போடக் கூடாது, திருத்திய சீட்டை அதன் பக்கத்திலேயே வைக்க வேண்டும் என்பார். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் இந்தப் பாடத்தை அவர் விரலாட்டலோடு கேட்டாக வேண்டும்.

பிறந்தது என்னவோ சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில்தான். அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவியவர்கள். ஆனால் ஈப்போவை ஒட்டிய புந்தோங்குக்குக் குடிவந்து பதினைந்து வருஷமாகிவிட்டதால் ஐயாவுக்கு இப்போது அட்டையைக் கண்டால் ஆகாது, வௌவால் நாற்றம் ஒத்துக்கொள்ளாது, சேறு பட்டால் காலுறை கெட்டுப்போகும். இயற்கை மேல் அவருக்கு இருந்த காதல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் வரைக்கும் உறுதியானது.

எண்பத்தொன்றில் அந்தத் தோட்டத்துக்குப் பின்னால் இருந்த இரண்டு சுண்ணாம்புக்கல் மலைகளில் ஒன்றை உடைக்க ஒரு கம்பெனி அனுமதி கேட்டது. ஒன்று முனியாண்டி மலை, இன்னொன்று குரங்கு மலை. எதை உடைத்தாலும் கம்பெனிக்குச் சம்மதம்தான். அரிய ஜீவன் எந்த மலையில் இருக்கிறதென்று மியூசியம் எழுதித் தந்தால் அதை விட்டுவிட்டு மற்றதைக் கொடுக்கலாம் என்று மேலிடம் முடிவு செய்தது. இயக்குநர் முகமது இப்ராஹிம் அந்தப் பொறுப்பை ஐயாவு தலையில் கட்டினார்.

ஐயாவு போனார். மலையடிவாரம் வரைக்கும் போனார். ஒரே ஒரு அட்டை கணுக்காலில் ஏறியதும் அறிவியல் அன்றைக்குப் போதுமென்று தோன்றிவிட்டது. லயத்தில் இருளாயி இருந்தாள். அவர் அம்மாவோடு ஒரே நிரையில் மரம் சீவியவள், காடு மேடெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இரண்டு மலையிலிருந்தும் நத்தை பொறுக்கித் தனித்தனி டின்னில் போட்டு வைக்கச் சொன்னார். எதற்கு என்று கேட்டாள். வேறெங்கும் இல்லாத நத்தை எந்த மலையில் இருக்கிறதோ அந்த மலையை உடைக்க மாட்டார்கள் என்று பெருமையாக விளக்கினார். இருளாயி இரண்டு மலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

அடுத்த வாரம் இரண்டு மைலோ டின் தயாராக இருந்தது. குரங்கு மலை டின்னில் வீட்டுக்கு வீடு கீரைப் பாத்தியைத் தின்னும் சாதாரண நத்தை. முனியாண்டி மலை டின்னில் பச்சரிசி அளவில் பன்னிரண்டு நத்தைகள், வாய் மட்டும் நாதஸ்வரத்தின் வாய் போல விரிந்து. ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை. படமெடுத்து லண்டன் மியூசியத்துக்கு அனுப்புவதற்காக அன்றே சீட்டு எழுதினார். கிடைத்த இடம்: முனியாண்டி மலை. சேகரித்தவர் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா ஒரு நொடி நின்றது, பிறகு ஐயாவு என்று அழகாக எழுதியது. மரம் சீவுகிற பொம்பிளை பெயரைப் போட்டால் லண்டனில் மதிப்பார்களா என்பது அவர் நியாயம்.

லண்டன் மதித்தது. உலகத்தில் வேறெங்கும் பார்க்காத நத்தை என்று அங்கிருந்த நிபுணர் பதில் எழுதினார். முனியாண்டி மலை தப்பித்தது, குரங்கு மலை கம்பெனிக்குப் போனது. இரவல் பூட்ஸும் பூதக்கண்ணாடியுமாக ஐயாவு நிற்கும் படத்தைத் தமிழ்ப் பத்திரிகை போட்டு, உயிரைப் பணயம் வைத்து மலையேறிய நம் தோட்டத்துப் பிள்ளை என்று எழுதியது. அதை வெட்டிச் சட்டம் போட்டு மேசைக்கு எதிரே மாட்டிக்கொண்டார். நத்தையைக் காட்சிக்கு வைக்கும் கண்ணாடிப் பெட்டியை மலையுடைக்கும் கம்பெனியே அன்பளிப்பாகக் கொடுத்தது.

மூன்று வருஷம் கழித்து, உயிருள்ள நத்தையைப் பார்க்க லண்டன் நிபுணரே வந்து இறங்கினார். இந்தத் தடவை ஐயாவு மலையேறித்தான் ஆக வேண்டியிருந்தது. மூன்று நாள் இருவரும் முனியாண்டி மலையில் இடுக்கு இடுக்காகத் தேடினார்கள். அட்டைகள் மட்டும் ஏமாற்றவில்லை. மழைக்காலம், நத்தை உள்ளே போயிருக்கும் என்று ஐயாவு வாய்க்கு வந்ததைச் சொன்னார். மலையுச்சியிலிருந்து பார்த்தபோது குரங்கு மலை இருந்த இடத்தில் பச்சைத் தண்ணீர்க் குளம் ஒன்று கிடந்தது.

மூன்றாம் நாள் வெள்ளைக்காரர் ஓடையில் கால் கழுவப் போன நேரத்தில் இருளாயி வரக்கோப்பி கொண்டு வந்தாள். கல்லில் உட்கார்ந்து காலிலிருந்து அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்த ஐயாவு, நத்தைகளை எந்தப் பக்கம் பொறுக்கினாள் என்று மெதுவாகக் கேட்டார்.

"இங்க எங்க பொறுக்குனேன்? அங்க." குளம் இருந்த திசையில் கையைக் காட்டினாள். "முனியாண்டி மலையில ஒரு குச்சி ஒடிப்பமா தம்பி? நத்தைய எடுக்கச் சொல்றியே, ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். ஏழு வயதில் இந்த மலையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்துப் போனதற்கு அம்மா கன்னத்தில் வைத்த அறை இன்னும் ஞாபகத்தில் இருந்தது. கல்லைத் திருப்பி வைத்து மன்னிப்புக் கேட்கும் வரைக்கும் சோறு போடவில்லை. இந்த லயத்தில் பிறந்த எவரும் முனியாண்டியிடமிருந்து ஒரு துரும்பைக்கூடக் கிளப்ப மாட்டார்கள் என்று இருளாயி டின்னை நீட்டிய அன்றே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். படித்த படிப்பு அதை மறக்கடித்திருந்தது.

"அந்த இன்னொரு டின்னு?"

"அது எங்க கீரைப் பாத்தியில பொறுக்குனது. நத்தை இருக்குற மலைய ஒடைக்க மாட்டாங்கன்னு நீதான சொன்ன. சாமி இருக்குற மலைய ஒடைக்க விடலாமா?"

"அப்பவே சொல்லியிருக்கலாம்லக்கா."

"நீயே ஏறிப் பொறுக்குனதா பேப்பர்ல போட்டிருந்துச்சுலா. பொறுக்குனவனுக்குத் தெரியாத எடம் எனக்கு எப்படித் தெரியும்னு இருந்துட்டேன்."

அவள் குரலில் குத்தல் ஒன்றும் இல்லை. கோப்பி ஆறுகிறது என்று சொல்லிவிட்டு லயத்துக்கு நடந்தாள். ஐயாவுக்கு அழுகை வந்தது. வெள்ளைக்காரர் திரும்பி வருவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த தடவை வெயில் காலத்தில் வரும்படி அவரிடம் சொன்னார்.

ஈப்போவுக்கு வந்ததும் இயக்குநரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். முகமது இப்ராஹிம் கதவைச் சாத்திவிட்டு, பெட்டி கொடுத்த கம்பெனியையும் சட்டம் போட்ட படத்தையும் நினைவூட்டினார். "குரங்கு மலையே இல்லலா, ஐயாவு. யாரு போய்ப் பாக்கப் போறா? விட்டுடுங்க."

ஐயாவு விடவில்லை. சாயங்காலம் எல்லாரும் போனபின் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். அந்த இனத்தில் இனி உலகத்தில் மிச்சம் இந்தப் பன்னிரண்டு ஓடுகள்தான். புதுச் சீட்டு எழுதினார். கிடைத்த இடம்: குரங்கு மலை, இப்போது இல்லை. சேகரித்தவர்: இருளாயி, பால்மரத் தொழிலாளி.

எழுதி முடித்ததும் பழைய சீட்டைக் கிழித்துப் போடக் கை போனது. அழகான கையெழுத்து, ஐயாவு என்று தெளிவாக இருந்தது. இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் விரலாட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. இரண்டு சீட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பெட்டியை மூடினார்.