ஆறா, நாலா

அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசி வருஷக்கணக்காகிவிட்டது. அப்பாவின் பழைய காரை யார் வைத்துக்கொள்வது என்பதில் வந்த மனஸ்தாபம். கார் அண்ணனிடம் போனது. வீம்பு மட்டும் இருவருக்கும் சரிபாதி. அன்றிலிருந்து அண்ணிதான் நடுவில் தபால் நிலையம்.

வண்டி மீட்டர்களைப் பழுது பார்க்கும் தம்பியைத் தெருவில் எல்லோரும் மீட்டர்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கடைக்கு அண்ணன் காரைக் கொண்டுவரவில்லை. அதன் ஆர்.பி.எம். மீட்டரை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு அண்ணியோடு வந்தார். இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் மீட்டர். அதை மேஜையில் வைத்துவிட்டு, தெருவையே தன்னிடம் ஒப்படைத்தது போல வாசலில் போய் நின்றுகொண்டார்.

"கேபிள்ல ஓடற மீட்டராம். கரண்ட்ல ஓடற மாதிரி மாத்தணுமாம்," என்றாள் அண்ணி.

"ஏனாம்?"

அண்ணி வாசலைப் பார்த்தாள். வாசல் வாயைத் திறக்கவில்லை.

"மாத்தினா போதுமாம், தம்பி."

கேபிள் அறுந்திருக்கும், புதிது கிடைத்திருக்காது என்று மீட்டர்காரர் தானே முடிவு கட்டிக்கொண்டார். இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் வாய் தேய்ந்தா போயிருக்கும்? கேட்கவில்லை.

பழைய டயல், பழைய முள் இரண்டையும் வைத்துக்கொண்டு பின்னால் ஒரு சின்ன சர்க்யூட் போர்டை உட்கார வைத்தார். அதில் ஒரு சுவிட்ச் உண்டு. இன்ஜின் நாலு சிலிண்டரா, ஆறு சிலிண்டரா என்று அதற்குச் சொல்லவேண்டும். சொன்னதை வைத்துத்தான் முள் கணக்குப் போடும். அப்பாவின் கார் ஆறு. அவர் மடியில் உட்கார்ந்து ஸ்டீயரிங் பிடித்த காரைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது? ஆறில் வைத்து மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணனும் அண்ணியும் ஊரை ஒட்டிய மலைக்குக் கிளம்பினார்கள். கார் கடையைத் தாண்டும்போது அண்ணி கை காட்டினாள். மீட்டர்காரருக்குக் கை எழவில்லை. காதுதான் எழுந்தது. அப்பாவின் இன்ஜின் சீராக, ஒரே இழையாக ஓடும். இது தடதடவென்று துண்டு துண்டாக ஓடியது. நாலு சிலிண்டர்!

அண்ணன் இன்ஜினை மாற்றிவிட்டார். அந்தப் புது இன்ஜினில் கேபிள் மாட்டவே இடமிருக்காது. அதற்காகத்தான் மீட்டரை மாற்றச் சொல்லியிருக்கிறார்.

மீட்டர் இப்போது குறைவாகக் காட்டும் என்பது அவருக்கு அந்த நிமிஷமே புரிந்தது. முள் நாலாயிரத்தில் நிற்கும்போது இன்ஜின் ஆறாயிரத்தில் கதறிக்கொண்டிருக்கும். மலை ஏற்றத்தில் முள்ளை நம்பி மிதித்தால் இன்ஜின் சிதறும். வளைவில் சிதறினால் என்ன ஆகும் என்பதை அவர் நினைக்க விரும்பவில்லை.

போனை எடுத்தார். எடுத்தவர் வைத்தார். அப்பாவின் இன்ஜினைத் தூக்கி எறிந்திருக்கிறான், ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாதவனுக்கு நான் மட்டும் எதற்குச் சொல்லவேண்டும்? படட்டும். மேஜையில் இருந்த டீயை எடுத்துக் குடித்தார், ஆற அமர, கடைசிச் சொட்டு வரை.

தம்ளரைக் கீழே வைக்கும்போதுதான் அண்ணி காட்டிய கை நினைவுக்கு வந்தது. அவளுக்கு போன் போட்டார். மணி அடிக்கவே இல்லை. மறுபடி போட்டார். மலையில் சிக்னல் ஏது? அதன்பின் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மதியம் அண்ணியே கூப்பிட்டாள்.

"இன்ஜின் வெடிச்சிடுச்சு தம்பி. வண்டி பாறையில போய் இடிச்சு நின்னுச்சு. எங்களுக்கு ஒண்ணும் ஆகல." "இன்ஜின் ரொம்பக் கத்துதுன்னு நான் சொன்னேன். என் தம்பி வச்ச முள்ளு பொய் சொல்லாதுன்னு இவரு மிதிச்சாரு."

போனில், அவளுக்குப் பின்னால் அண்ணனின் முணுமுணுப்பு கேட்டது.

"வேணும்னே பண்ணினியான்னு கேக்கறாரு, தம்பி."

இல்லை என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. எதிரே காலித் தம்ளர் இருந்தது.

"போனை அவர்கிட்ட குடுங்க அண்ணி."

போன் கை மாறியது. மூச்சு கேட்டது.

"அண்ணே, சுவிட்சைத் தப்பா வச்சது தெரியாம நடந்தது. வண்டி கடையைத் தாண்டறப்பவே சத்தத்தை வச்சுக் கண்டுபிடிச்சுட்டேன். போன் பண்ணாம டீ குடிச்சிட்டு இருந்தேன். அது தெரிஞ்சேதான் செஞ்சேன்."

பிறகு போன் மறுபடி கை மாறியது.

"தம்பி," என்றாள் அண்ணி, அழுதுகொண்டே. "இனிமே என் மூலமாக்கூட எதுவும் பேச வேணாமாம்."